பேச்சியோடை மூன்று கண் பாலம்

ஒன்பதாம் அத்தியாயம்

சப் இன்ஸ்பெக்டர் கிருபைராஜுக்கு எந்த வழக்கிலும் சந்தேகம் வராது. சந்தேகம் வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பித்தம் ஏறும் என்பது அவருடைய கட்சி. ஆகவே சீவலப்பேரி ரஸ்தாவில், மருதங்குறிச்சிக்கு வெளியே பேச்சியோடைப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, கைப்பிரம்பால் கீழே காட்டிக் காட்டி, எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவர் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாலத்துக்கு மூணு கண்ணு. நடுக்கண்ணு சுத்தமாத் திறந்து கெடக்கு. ரெண்டு பக்கத்துக் கண்ணுலயும் மேல்வளைவு வரைக்கும் மணல். தண்ணி கொண்டாந்த மணல்னா மூணையும் ஒண்ணு போலல்லா அடைச்சிருக்கணும்? நடுவ விட்டுட்டு ஓரத்த மட்டும் அடைக்கணும்னா அதுக்கு மனுசன் கை வேணும் சார். அந்தக் கை பூதலிங்கம் கை."

அவர் 'சார்' என்றது தேவசிகாமணியை. பாளையங்கோட்டையில் இன்ஸ்பெக்டராக இருந்து பென்ஷன் வாங்கியபின், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் தொழிலில் இறங்கியவர். கிருபைராஜ் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே ஏட்டாக இருந்தவர்தான். தேவசிகாமணி குடையை ஊன்றிக்கொண்டு, பிரம்பு காட்டிய திசையை விட்டுவிட்டு, ஓடை வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான் அவருடைய கையாள் நூகு. மேலப்பாளையத்துக்காரன். கால்கட்டு வாய்க்கட்டு இரண்டும் இல்லாத ஆள். போலீஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரார் பத்துப்பேர் சாலையோரத்தில் கூடியிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் நூகுவுக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ஐயா என்ன பாக்குதாரு?" என்று ஒருவர் அவன் காதருகே வந்து கேட்டார்.

"மணல விசாரிக்காரு. வாயத் தெறக்க மாட்டேங்குது. ஸ்டேஷனுக்குக் கொண்டு போயி ரெண்டு தட்டு தட்டினாச் சொல்லிரும்."

கூட்டம் சிரித்தது. இந்த ஆள் பேசினால் நேரம் போவதே தெரியாது என்று அப்போதே அவனுக்கு ஊரில் ஒரு பேர் விழுந்துவிட்டது.

சிரிக்கக்கூடிய இடமா என்றால், இல்லை. ஐப்பசி மழையில் இந்த இடத்தில்தான் ஓர் உயிர் போனது. மருதங்குறிச்சியில் பெரிய நிலக்காரர் ஐயம்பெருமாள் பிள்ளை. அவருக்கு ஒரே மகள், ஆவுடைத்தாய். கல்யாணமாகி முதல் தீபாவளி. தலைத் தீபாவளிக்குப் புருஷனோடு வில்வண்டியில் அப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் பாலத்தில் போக வழியில்லாமல் சாலைக்கு மேல்புறம் குளமாகத் தேங்கி நின்றது. வண்டி பாலத்தைத் தாண்டியதும் தாண்டாததுமாக, பக்கத்துச் சாலை மண் அப்படியே பிளந்துகொண்டு போனது. மாப்பிள்ளையும் வண்டிக்காரனும் மருதமரத்து வேரைப் பிடித்துத் தப்பினார்கள். கூண்டுக்குள் இருந்தவள் தப்பவில்லை. பாலம் என்னவோ கல்லுப்போல இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில்தான் சாலையைக் காணோம்.

சாலைக்கு மேல்புறம் பூதலிங்கத்தின் குத்தகை வயல். தன் வயலில் தண்ணீர் நிற்கட்டும் என்று அவன்தான் மண்ணை வெட்டிப் போட்டு இரண்டு கண்ணை அடைத்தான் என்பது வழக்கு. மழைக்கு முந்தின நாள் அவன் கூடையும் மண்வெட்டியுமாகக் கண்ணின் வாயில் குனிந்து நின்றதைக் கண்ணால் கண்ட சாட்சி, பிள்ளையேதான். அந்த ஒரு வாக்குமூலத்தின் மேல்தான் வழக்கு நிற்கிறது. வருகிற வாரம் மாஜிஸ்திரேட் விசாரணை. செஷன்ஸுக்குப் போனால் அந்தமான் தீவாந்தரம் நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். தேவசிகாமணியை வரவழைத்ததும் பிள்ளைதான், பூதலிங்கத்தைக் காப்பாற்ற அல்ல. வழக்கில் எங்காவது ஓட்டை இருந்தால் பார்த்து அடைத்துக் கொடுங்கள் என்று.

"ஏலே நூகு, அந்தக் கோரையப் பிடுங்கு" என்றார் தேவசிகாமணி.

இடதுபக்கக் கண்ணின் வாயில், மணல் மேட்டில், கோரை இடுப்பளவுக்கு நின்றது. நூகு இறங்கி ஒரு கையால் இழுத்தான். பிறகு இரண்டு கையால் இழுத்தான். பிறகு காலை ஊன்றி இழுத்து, மல்லாக்க விழுந்தான்.

"வர மாட்டேங்குது ஐயா. குத்தகைச் சீட்டு எழுதி வாங்கியிருக்கும் போல."

"மழைக்கு முந்தின நாள் போட்ட மணலுல இந்தக் கோரை எப்ப முளைச்சுது, எப்ப வேரு விட்டுது, வே கிருபைராஜ்?"

கிருபைராஜ் யோசித்தார். யோசனை அவருக்குச் சாப்பாட்டு நேரத்தை நினைவுபடுத்தியது. "மணலோட சேத்து வெட்டிப் போட்டிருப்பான் சார். நான் பிள்ளைவாள் வீட்டுக்கு முன்னால போறேன். இலை போட்டிருப்பாக" என்று நடையைக் கட்டினார். வேடிக்கை பார்த்தவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அதன்பின் நூகு மண்வெட்டியோடு வேலையில் இறங்கினான். மணல்மேட்டை நடுவில், கேக்கை வெட்டுகிற மாதிரி நேராக வெட்டி இறக்கச் சொன்னார் தேவசிகாமணி. வெட்டிய முகம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அடியில் பருமணல், அதன்மேல் பொடிமணல், அதன்மேல் விரல்கனத்துக்கு வண்டல். மறுபடி பருமணல், பொடிமணல், வண்டல். மறுபடியும் அதே வரிசை.

"கூடை கூடையாக் கொட்டினவன் இம்புட்டு நேர்த்தியாக் கொட்டுவானா?" என்றார்.

"எங்க சாச்சா ஒருத்தரு பிரியாணி தம் போடுவாரு. அவருக்குக்கூட இப்படி வராது ஐயா."

ஒவ்வொரு அடுக்கிலும் பருமணலோடு ஓட்டாஞ்சில்லுகள் கிடந்தன. அடியில் சிவப்பு. மேலடுக்கிலும் சிவப்பு. நடு அடுக்கில் மட்டும் எல்லாம் கருப்பு. நூகு மூன்றிலும் சிலவற்றைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டான். கருப்புச் சில்லு எப்படி நடுவில் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்கும் புரியவில்லை, ஐயாவுக்கும் புரியவில்லை. புரியாததைக் கையோடு வைத்துக்கொள் என்பது தேவசிகாமணியின் பழக்கம்.

பூதலிங்கத்தின் வீடு ஊருக்குத் தெற்கே தனித்து இருந்தது. வாசலில் கல்யாணப் பந்தல். மூங்கில் நட்டு, ஓலை பாதி வேய்ந்து, அத்தோடு நின்றுபோன பந்தல். மகளுக்குத் தீபாவளி கழிந்து முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அப்பன் ஜெயிலில் இருக்கையில் பெண்ணை எப்படி எடுப்பது என்று மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். வழக்கு முடியட்டும், அதுவரை வேறு இடம் பார்க்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். நல்ல மனுஷர்கள்தான், ஆனால் எத்தனை நாளைக்கு?

பூதலிங்கத்தின் மனைவி அன்னத்தாய் இவர்களைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்து நின்றாள். பிள்ளை வரவழைத்த ஆட்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தலின் கீழே மணல் பரப்பியிருந்தது. நூகு உட்கார்ந்து விரலால் கிளறினான். சிவப்புச் சில்லு ஒன்று. இன்னும் கொஞ்சம் கிளறினான். கருப்பு.

"இந்த மணல் எங்க உள்ளதும்மா?"

"பாலத்துக் கண்ணுல அள்ளுனது" என்றாள் அவள். "பந்தலுக்குப் பரப்ப மணல் வேணும்லா. ஆத்துக்குப் போவ வண்டி கெடையாது. அங்கன இருந்து தலச்சுமையாக் கொண்டாந்துருதேன்னு எங்க வீட்டு ஆளு போனாவ. அள்ளத்தான் போனாவய்யா. போட்டான் போட்டான்னு எழுதி வெச்சிருக்காக. நான் யாருட்டப் போயிச் சொல்லுவேன்?"

நூகு துண்டை அவிழ்த்து, பாலத்தில் பொறுக்கிய சில்லுகளைக் காட்டினான். அவள் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்.

"முளப்பாரிச் சட்டி."

வருஷா வருஷம் பேச்சியம்மன் கோவில் கொடை விழாவுக்குப் பெண்கள் சட்டியில் நவதானியம் முளைக்கப் போட்டு, தலையில் சுமந்து ஓடையில் கொண்டு கரைப்பார்கள். முளை தண்ணீரோடு போகும். சட்டி ஓடைக்குள்ளேயே கிடக்கும். ஐப்பசி வெள்ளம் அதை உருட்டிக்கொண்டு பாலத்துக்கு வரும்.

"கருப்பு எப்படி வந்துது?" என்றார் தேவசிகாமணி.

"அது போன வருசக் கொடைக்கு உள்ளது. சட்டி வனையுத நம்ம ஊரு வேளாருக்குக் காய்ச்சல், சூளை போடல. சீவலப்பேரியில இருந்து கருப்புச் சட்டி வாங்கிட்டு வந்தோம். அம்மனுக்கு ஆவாதுன்னு ஒரே சண்டை."

நூகு ஐயாவைப் பார்த்தான். பாலம் கட்டி மூன்று வருஷம். மூன்று அடுக்கு. நடுவில் போன வருஷத்துக் கருப்புச் சட்டி. மணல் ஒரு நாளில் வந்ததல்ல. வருஷத்துக்கு ஓர் அடுக்காக வந்திருக்கிறது. அதைக் குறைத்தவன் ஊரிலேயே ஒரே ஒருவன், அவன் ஜெயிலில் இருக்கிறான். நூகுவுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. வழக்கு உடைகிறபோது அவனுக்கு எப்போதும் வருகிற குறுகுறுப்பு அது.

"மூணு வருசமா ஏறுன மணல ஊருல ஒருத்தரும் அள்ளலையாம்மா?"

"ஓடை வெட்டுத அன்னிக்கு ஊரே மம்பட்டியத் தூக்கிட்டு வரும். பாலத்துக்கு மேப்பக்கம் வரைக்கும் வெட்டுவாக. பொறவு எறங்கிப் போயிக் கீழ்ப்பக்கத்துல இருந்து வெட்டுவாக. பாலத்துக்கு அடியில சர்க்கார் எடம், தொட்டா குத்தம்னு விட்டுருவாக. ரோட்டு வேலைக்காரகளக் கேட்டா, மணல் ஓடைக்கு உள்ளது, ஊருதான் அள்ளணும்பாக. எங்க வீட்டு ஆளு மட்டுந்தான் தொட்டாவ." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அவுகள விட்டுருவாகளாய்யா?"

"விட்டுருவாக" என்றான் நூகு. ஐயா சொல்ல வேண்டியதை இவன் சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

திரும்பி நடக்கிறபோது தேவசிகாமணி உற்சாகமாக இல்லை.

"கிருபைராஜ் கேட்டதுக்குப் பதில் இன்னும் நம்ம கையில இல்லலே. மணல் தண்ணியோட வந்துதுன்னே வெச்சுக்க. ஓரத்துக் கண்ணுல மட்டும் ஏன் தங்குச்சு? நடுக்கண்ணுல ஏன் தங்கல? அதுக்குப் பதில் இல்லாமப் போனா வக்கீல் நம்மளச் சில்லு பொறுக்கின்னு கேலி பண்ணுவான்."

"இதுல என்ன இருக்கு ஐயா? நீங்க நெல்லையப்பர் கோவில் தேரோட்டத்துக்குப் போனதில்லையா? நான் சர்பத் விக்கப் போவேன். சந்துக்குள்ள வாரப்ப ஒரு பய நிக்க முடியாது, பின்னால வாரவன் தள்ளிருவான். ரதவீதி மூலைக்கு வந்து அகலமாச்சுன்னா, நடுவுல உள்ளவன் ஓடிக்கிட்டே இருப்பான். ஓரத்துல உள்ளவன் துண்ட விரிச்சு உக்காந்து புளியோதரப் பொட்டலத்த அவுத்துருவான். ஒருத்தன் உக்காந்தாப் போதும், அவம் பக்கத்துல பத்துப் பேரு. பொறவு எவன் எழுப்புவான்?"

தேவசிகாமணி நின்றுவிட்டார். குடையை நூகுவின் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்.

மேலே, ஓடை தன் போக்கில் வருகிற இடத்தில், அதன் அகலம் ஒரு வண்டி போகிற அளவுதான். பாலத்தை நெருங்க நெருங்க, மூன்று கண்ணுக்கும் ஈடு கொடுக்கக் கரையை இரண்டு பக்கமும் வெட்டி விரித்திருந்தார்கள். குறுகி வரும்வரை தண்ணீருக்கு வேகம் இருக்கிறது, மணலைச் சுமக்கிறது. அகலத்துக்கு வந்ததும் பரவுகிறது, ஓரத்தில் பைய நடக்கிறது, சுமந்ததை இறக்கி வைக்கிறது. ஒரு வருஷம் இறங்கிய மணல் அடுத்த வருஷத் தண்ணீரை இன்னும் பைய நடக்க வைக்கிறது. நடுவில் மட்டும் பழைய வேகம். ஆகவே நடுக்கண் சுத்தம். கோரை முளைத்தபின் கேட்கவே வேண்டாம்.

கீழ்ப்பக்கத்தில் பழைய பாலத்தின் அடிக்கல் இரண்டு இன்னும் புதைந்து நின்றன. மூன்று கண் வருவதற்கு முன் அங்கே இருந்தது ஒற்றைக்கண் பாலம். தேவசிகாமணி சைகை காட்ட, நூகு அந்தக் கற்களுக்கு நடுவே போய்க் கைகளை விரித்தான். விரல்நுனி இரண்டு பக்கமும் எட்டவில்லை. பிறகு புதுப்பாலத்தின் நடுக்கண்ணுக்குள் போய் விரித்தான். முழங்கை மடங்கியது.

"ஐயா, மூணுன்னு பேருதான். ஓரம் ரெண்டும் அடைஞ்ச பொறவு, பழைய ஒண்ணை விடச் சின்ன ஒண்ணுதான் பாக்கி."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு அது உறைத்தது. ஒற்றைக்கண் இருந்த காலத்தில் ஒரு பெருமழையில் சாலைக்கு மேல் தண்ணீர் ஓடி, ஊர் ஒரு பகல் முழுக்கத் துண்டாகிக் கிடந்தது. அதன்பின் ஜில்லா போர்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்து, எஞ்சினீயரைப் பிடித்து, ஒன்றுக்கு மூன்றாகக் கண் வாங்கி வந்து, ஊரார் கையால் மாலை போட்டுக்கொண்டவர் ஐயம்பெருமாள் பிள்ளை. இவர்களை ஊருக்கு ஏற்றிவந்த வண்டிக்காரன்கூட அந்தப் பெருமையைச் சொன்னான்.

"மொதப் பாதிய மட்டும் சொல்லுவோம் ஐயா" என்றான் நூகு.

"எந்தப் பாதி?"

"பூதலிங்கம் செய்யலைங்கிற பாதி."

"அது தனியா நிக்காதுலே" என்றார் தேவசிகாமணி. அவர் முகம் நன்றாக இல்லை. குற்றவாளியின் பேரைச் சொல்கிற நேரத்தில் மீசையைத் தடவிக்கொள்வது அவர் வழக்கம். அன்று கை மீசைக்குப் போகவில்லை.

பிள்ளையின் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வெறுமை இருந்தது. பிள்ளை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிருபைராஜ் சாப்பிட்டு முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அன்னத்தாய் இவர்கள் பின்னாலேயே வந்து, வெளிவாசலுக்கு அப்பால் நின்றுகொண்டாள்.

தேவசிகாமணி சில்லுகளைத் தரையில் மூன்று வரிசையாக வைத்தார். கோரையைச் சொன்னார், அடுக்கைச் சொன்னார், கருப்புச் சட்டியைச் சொன்னார், பந்தலைச் சொன்னார். பிள்ளை கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்பம் மணல் போட்டது பூதலிங்கம் இல்ல."

"இல்ல பிள்ளைவாள்."

"யாரு?"

தேவசிகாமணி ஒரு சில்லை வரிசையில் நேராக்கி வைத்தார். "ஓடைதான்."

"ஓடை முன்னாலயும் அங்கனதான ஓடுச்சு? ஒத்தக் கண்ணு இருக்கையில ஒரு நாளும் மணல் நின்னு நான் பாத்ததில்லையே. தண்ணி வழிஞ்சுது, ஆனா மணல் நிக்கல. மூணு வந்த பொறவுதான..." அவர் நிறுத்தினார். தேவசிகாமணியின் முகத்தைப் பார்த்தார். நூகுவின் முகத்தைப் பார்த்தார். நூகு தலையைக் குனிந்துகொண்டான். அந்த மனுஷர் தாமாகவே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். 

"விரிச்சதுனால நின்னுதா?"

"ஆமா பிள்ளைவாள்."

"விரிக்கச் சொன்னது நான்."

 உள்கட்டில் யாரோ செம்பை வைக்கும் சத்தம் கேட்டது. பிள்ளை கிருபைராஜைப் பார்த்துத் திரும்பினார். குரல் தெளிவாக இருந்தது.

"என் வாக்குமூலத்த மாத்தி எழுதும்வே. அவன் மண்ணு போட்டத நான் பாக்கல. குனிஞ்சு நின்னதத்தான் பாத்தேன். போடுதவன் முதுகும் அள்ளுதவன் முதுகும் ஒண்ணு போலத்தான் குனியும். மக போன ஆத்திரத்துல போட்டான்னு சொல்லிட்டேன்."

 கிருபைராஜ் வெற்றிலையை மென்றபடி, எழுதவும் மனமில்லாமல் மறுக்கவும் முடியாமல் தேவசிகாமணியைப் பார்த்தார். அவருக்கும் முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எழுதியிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரார் வந்தார்கள். காலையில் பாலத்தருகே சாலையோரத்தில் நின்ற அதே ஆட்கள். முன்னால் வந்தவர் பாபநாசம் பிள்ளை, ஐயம்பெருமாள் பிள்ளைக்குப் பங்காளி. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்.

"அண்ணாச்சி, துக்க வீட்டுல பேசப்படாதுதான். ஆனா போர்டுல ரோட்டச் சரி பண்ணப் போறாகளாம். இப்ப விட்டாப் பொறவு நடக்காது. மூணு கண்ணு பத்தாதுன்னுதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. அஞ்சு கேக்கணும். நீங்க ஒரு நட போனா நடக்கும். ஆவுடை பேருல கல்லு வெப்போம். அவ பேரு நிக்கட்டும்."

பின்னால் நின்ற ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மனதாரச் சொன்ன பேச்சுத்தான்.

ஐயம்பெருமாள் பிள்ளை எழுந்து நின்றார்.

"அஞ்சு வேண்டாம்வே. மூணும் வேண்டாம். ஒண்ணு போதும்."

"அண்ணாச்சி?"

"அந்த மூணு கண்ணுதான் எம் மகளக் கொன்னுது. நான் கேட்டு வாங்கிட்டு வந்தது. இடிச்சுட்டு, பழையபடி ஒண்ணு, நல்லா ஒசரமா ஒண்ணு வெக்கச் சொல்லுங்க. விரிக்க விடாதீங்க. விரிச்சா அடைஞ்சிரும்."

பாபநாசம் பிள்ளை மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் பைய வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஆளு சரியாச் சாப்பிடல போல. உள்ள மோர் இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

"பிள்ளைவாள் சொல்லுதது சரிதான்" என்று தேவசிகாமணி முன்னால் வந்தார். முளைப்பாரிச் சட்டியில் தொடங்கித் தண்ணீரின் வேகம்வரை மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். படித்தவர், வெள்ளைக்கார துரைகளோடு வேலை பார்த்தவர் என்ற மரியாதை.

"ஐயா கோவிச்சுக்கப்படாது" என்றார் பாபநாசம் பிள்ளை. "வாசல அகலமா வெச்சா ஆளு சீக்கிரம் போவானா, குறுக்கி வெச்சா சீக்கிரம் போவானா? நீங்களே சொல்லுங்க."

 முப்பது வருஷம் திருடர்களையும் கொலைகாரர்களையும் மடக்கிய தேவசிகாமணிக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடைக்கவில்லை. ஒரு வரிக்கு மேல் கேட்க அங்கே ஆள் இல்லை.

கிருபைராஜ் எழுந்து வந்து அவர் காதில் சொன்னார். "இத எழுதினா மாஜிஸ்திரேட்டு டாக்டரக் கூப்பிட்டு இவுகளப் பாக்கச் சொல்லுவாரு சார். பாலம் கொன்னுதுங்காக, ஒரு கண்ணு போதும்ங்காக. இப்பம் சொல்லுதது எதுவும் கோர்ட்டுல நிக்காது. அன்னிக்குச் சொன்னது தெளிஞ்ச புத்தியில சொன்னது."

"அன்னிக்குத்தான்வே மகளத் தண்ணியில இருந்து எடுத்துப் போட்டிருந்தாக."

"ஆமா சார். ஆனா அன்னிக்குச் சொன்னது புரியுது."

பிள்ளையின் காதில் அது விழுந்துவிட்டது. "நான் தெளிவாத்தான்வே இருக்கேன்" என்றார். சொன்னதும் பாபநாசம் பிள்ளை அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "நான் தெளிவா இருக்கேன்" என்று மறுபடி சொன்னார். இன்னொருவர் விசிறியை எடுத்துவந்து வீசினார். சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பரிதாபம் கூடியது. கடைசியில் அவர் நூகுவைப் பார்த்தார்.

"நீராவது சொல்லும்வே. நான் பேசுதது பைத்தியமாவா இருக்கு?"

 நூகு இதுவரை எத்தனையோ இடத்தில் வாயால் பிழைத்திருக்கிறான், எத்தனையோ இடத்தில் வாயால் அடியும் வாங்கியிருக்கிறான். இப்போது பேச வேண்டும், பேசித்தான் ஆக வேண்டும். ஒரு மனுஷனைத் தீவாந்தரத்துக்கு அனுப்பாமல் இருக்க இந்த வீட்டில் இன்னும் பேசாத வாய் அவனுடையது ஒன்றுதான். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஊராரைப் பார்த்து, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னான்.

"அண்ணாச்சி சொல்லுதது அத்தனையும் நெசம். அவுகளுக்கு ஒண்ணும் இல்ல. புத்தி தெளிஞ்சு பேசுத ஒரே ஆளு அவுகதான். புரியாம நிக்கது நம்மதான்."

 பின்வரிசையில் ஒருவர், காலையில் அவன் காதருகே வந்து பேசியவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவருக்கு அது தொற்றிக்கொண்டது. "துக்க வீட்டுலயும் இந்த ஆளு விட மாட்டேங்காரே" என்றார் மூன்றாமவர். அவ்வளவுதான். பதினாறு நாளாக அடக்கி வைத்திருந்த வீட்டில் சிரிப்பு பொல்லென்று உடைந்தது. பாபநாசம் பிள்ளைகூடச் சிரித்துவிட்டு, தப்புத் தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிருபைராஜ் சிரித்தார். சந்தேகம் போய்விட்ட ஆளின் நிம்மதியான சிரிப்பு.

ஐயம்பெருமாள் பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். 

தேவசிகாமணி குடையை எடுத்தார். "மாஜிஸ்திரேட்டு முன்னால நான் போயிச் சொல்லுவேன்லே" என்றார் நூகுவிடம். சொல்லுவார்தான். கேட்பது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

வெளிவாசலில் அன்னத்தாய் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பந்தலில் பார்த்த முகமாக இல்லை அது. அவிழ்ந்து கிடந்த தலையை முடிந்திருந்தாள்.

"உள்ள எல்லாரும் சிரிச்ச சத்தம் கேட்டுதுய்யா" என்றாள். "நல்ல சேதின்னு தெரிஞ்சு போச்சு. மாப்பிள்ள வீட்டுக்கு அப்பவே ஆள அனுப்பிட்டேன்."